பதினோரு படங்கள்

கூரை மேஸ்திரி கொடுத்துவிட்டுப் போன தாளில் ஏழு விஷயங்கள் அச்சடித்திருந்தன. பரணைக் காலி செய்யவும். சாமான்களை ஓரிடத்தில் சேர்த்துத் தார்ப்பாய் போட்டு மூடவும். மூன்றாவதாக, சுவரில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றவும், மேலே அடிக்கும்போது கீழே அதிர்ந்து விழும். அக்கா தங்கை இருவரில் மூத்தவளான வீட்டம்மா இந்த மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

அவள் புருஷனுக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது. அவன் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அச்சடித்த தாள் ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் அவனுக்கு அதுதான் வேதம். தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, "எழுதியிருக்கறபடி செய்யணும், ஒண்ணு கூட விடக் கூடாது" என்றான். ஞாயிற்றுக்கிழமை ஒத்தாசைக்கு வரச்சொல்லித் தன் தம்பியையும் அவளுடைய தங்கையையும் அவனே போனில் கூப்பிட்டான். படங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அந்த மகானுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

வீட்டின் உள்சுவர்கள் செங்கல் அல்ல, மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. ஓங்கிக் குத்தினால் கை உள்ளே போய்விடும். கல்யாணமான நாலாம் மாதமே அவன் கை உள்ளே போனது. மறுநாள் ஒரு அருவிப் படம் வாங்கி வந்து, ஆணி அடித்து, ரசமட்டம் வைத்துக் கோணல் பார்த்து, ஓட்டையை மறைத்து மாட்டினான். "இப்ப சரியாயிடுச்சு" என்றான். அதற்குப் பிறகு அதுவே அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. குத்து விழுந்த மறுநாள் படம் வரும். கப்பல், கலங்கரை விளக்கம், கூடைக்குள் பூனைக்குட்டி, சிரிக்கிற குழந்தை என்று ஒன்பது வருஷத்தில் பதினோரு படங்கள். குதிரைப் படம் மட்டும் முழங்கால் உயரத்தில் தொங்கியது. வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, இது என்ன புது மாதிரி ரசனை என்று சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். பூசி மெழுகுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படி மெழுகிய மெழுகல்தான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்திருந்தது. "அக்கா எவ்வளவு நல்லா இருக்கா பாரு" என்று சொல்லிச் சொல்லியே, அவள் தங்கையை அவனுடைய தம்பிக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் கல்யாணம். இளையவளுக்கும் சம்மதம்தான். மூத்தவள் மூன்று தடவை போன் போட்டாள். மூன்று தடவையும் நாக்கு எழும்பவில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் நல்லா இருக்கேன் என்று சொன்ன வாயால் இப்போது எதைச் சொல்வது?

சனிக்கிழமை கடைக்குப் போய் நாலு டியூப் வெள்ளைப் பற்பசை வாங்கி வந்தாள். ஆணி ஓட்டைகளைப் பற்பசையால் அடைக்கலாம் என்று எங்கோ படித்திருந்தாள். அருவியைக் கழற்றி, ஓட்டையின் விளிம்பில் ஒரு டியூபைப் பிதுக்கினாள். பற்பசை வழிந்து உள்ளே விழுந்தது. குத்திய குத்தை அடைக்கப் பற்பசைத் தொழிற்சாலையே வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. தங்கைக்குத் தெரியக் கூடாது என்று தானே மெழுகிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளிம்பை முந்தானையால் துடைத்தாள். மூடியைத் திருகினாள். அருவியை இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

ஞாயிறு காலையில் இளையவள் வந்தாள். ஆணி பிடுங்குகிற சுத்தியலை மூத்தவள் அவள் கையில் கொடுத்தாள்.

"நான் துணிமணியைக் கட்டறேன். நீ ஹால் சுவரைப் பாத்துக்கோ."

"உன் ஆர்ட் கேலரியை என்னையே காலி பண்ணச் சொல்றியா?"

"ஆமா. நீதான் பண்ணணும்."

பரணில் புருஷன் பழைய பெட்டிகளை உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் வாசலில் தார்ப்பாயை விரித்து உதறிக்கொண்டிருந்தான். மூத்தவள் படுக்கையறையில் உட்கார்ந்து, புருஷனின் துணிகளை ஒரு மூட்டையாகவும் தன் துணிகளை ஒரு மூட்டையாகவும் கட்டினாள். காது மட்டும் ஹாலில் இருந்தது. முதல் ஆணி கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது. அதன் பிறகு ஆணிகள் மளமளவென்று வந்தன.

அவள் போய்ப் பார்த்தபோது பதினொன்றும் தரையில் இருந்தன. இளையவள் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

நாக்கு இந்தத் தடவை எழும்பியது. "இது முதல் வருஷம். குழம்புல உப்பு அதிகம். இது பொறந்த வீட்டுக்கு வந்து ஒரு நாள் சேர்த்துத் தங்கினதுக்கு. இங்க என் தலை. நாலு தையல். படியில விழுந்தேன்னு உங்கிட்ட சொன்னேன்ல, அது."

"இவ்வளவு கீழ?" இளையவளின் கை குதிரைப் படம் இருந்த இடத்தைக் காட்டியது.

"அது உதை. நான் கீழ கிடந்தேன். அன்னிக்குத் தப்பிச்சு சுவத்துல பட்டுது. அதுக்கு முந்தின வாரம் தப்பல." மூத்தவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள். "மூணு மாசம். கலைஞ்சுடுச்சு. டாக்டர்கிட்டயும் வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொன்னேன்."

தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பிக்காரன் உள்ளே வந்தான். சுவரைப் பார்த்தான். அவன் முகம் மாறும் என்று இரண்டு பெண்களும் எதிர்பார்த்தார்கள். மாறத்தான் செய்தது, சிரித்தான். முஷ்டியை மடக்கி அருவி இருந்த ஓட்டைக்குள் நுழைத்துப் பார்த்தான்.

"அண்ணன் கை பெரிய கைதான். எனக்குக் கொஞ்சம் லூசா இருக்கு" என்றான். பிறகு இளையவளிடம், "இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? குடும்பம்னா நாலும்தான் இருக்கும். எங்கம்மா வாங்காத அடியா?" என்றான்.

இளையவளின் முகம் வெளுத்துப்போனதை மூத்தவள் பார்த்தாள். பார்த்து, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

பரண் ஏணியில் புருஷன் இறங்கினான். தலையெல்லாம் ஒட்டடை. வெறுஞ்சுவரைப் பார்த்து, ஒரு நிமிஷம் யார் வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்பது போல நின்றான்.

"யாரு இதைக் கழட்டச் சொன்னது?"

"நீங்கதான். தாள்ல மூணாவது" என்றாள் மூத்தவள்.

புறங்கையால் அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தச் சுவை. "ஊருக்கே காட்டறியா?" என்று தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, சுவரில் மோதினான். பலகை மொறுக்கென்றது. மறுபடி மோதினான். வெள்ளைப் பொடி அவள் கண்ணில் கொட்டியது. கால் இடறிக் குழந்தைப் படத்தின் மேல் விழுந்தாள். கண்ணாடி உள்ளங்கையில் ஏறியது. இது எல்லாம் அவளுக்குப் பழகின வழிதான். அடுத்து விலா, அதற்கடுத்து இடுப்பு. அவள் உடம்பு தானாகவே சுருண்டுகொண்டது.

"மாமா, விடுங்க அவளை" என்று இளையவள் பாய்ந்தாள். போய்ச் சேரவில்லை. தம்பிக்காரன் பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். சுத்தியல் தரையில் விழுந்தது.

"புருஷன் பொண்டாட்டி நடுவுல போகாத. இப்பவே பழகிக்கோ" என்றான். அவனுக்குக் கோபம் கூட இல்லை. குழாயை மூடுகிறவன் போல நிதானமாக இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். இளையவள் முழங்காலிட்டு விழுந்தாள். "அக்கா, கை, கை" என்றாள்.

ஒன்பது வருஷம் தனக்காக எழுந்திருக்காதவள் அப்போது எழுந்தாள். கண்ணாடி ஏறின கையாலேயே சுத்தியலை எடுத்தாள். யோசிக்கவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்த முழங்கை மேல் ஓங்கிப் போட்டாள். விறகு முறிகிற சத்தம் கேட்டது. தம்பிக்காரனின் கை போகக் கூடாத பக்கமாக மடங்கித் தொங்கியது. ஊளையிட்டுக்கொண்டு தார்ப்பாயின் மேல் உருண்டான்.

புருஷன் அவளை நோக்கி வந்தான். "உனக்கு அவ்வளவு…" என்று ஆரம்பித்தான். அவள் வீசினாள். சுத்தியல் அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவருக்குள் புதைந்தது. இழுத்தாள். பலகையில் ஒரு துண்டு கூடவே வந்து அவன் தோளில் விழுந்தது. அவன் முதுகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"அடுத்தது எங்க விழும்னு எனக்கே தெரியாது. நகராதீங்க" என்றாள்.

அவன் நகரவில்லை. அவன் காதோரம் ரத்தம் கோடாக இறங்கியது. இவ்வளவுதானா இவன், இதற்காகவா ஒன்பது வருஷம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இன்னொரு தடவை வீசியிருப்பாள், அது குறி தப்பியிருக்காது. அவனைக் காப்பாற்றியது வாசலில் ஏணியைச் சாத்துகிற சத்தம்.

மறுநாள் வேலைக்கு வீடு தயாராக இருக்கிறதா என்று சரிபார்க்க வந்திருந்த மேஸ்திரி, கையில் தாளோடும் காதில் பென்சிலோடும் உள்ளே நுழைந்தார். தார்ப்பாயில் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு முனகினான். இன்னொருவன் சுவரோடு நின்றான். வீட்டம்மா வாயில் ரத்தமும் கையில் சுத்தியலுமாக இருந்தாள். மேஸ்திரி சுவரிலிருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் பார்வையை அவள் முகத்தில் நிறுத்தினார். பல வீடுகளின் சாமானை நகர்த்திப் பார்த்த மனுஷர்.

"நாளைக்கு வேலையை வெச்சுக்கலாமாம்மா?" என்றார்.

"வெச்சுக்கலாம். பரண் காலி. சுவர் காலி."

மேஸ்திரி பென்சிலால் குறித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். "ஏழாவது. வேலை முடியற வரைக்கும் ஆளுங்க யாரும் உள்ள இருக்கக் கூடாது."

மூத்தவள் படுக்கையறைக்குப் போனாள். கட்டிவைத்திருந்த இரண்டு மூட்டைகளில் தன்னுடையதை மட்டும் தூக்கிக்கொண்டாள். வீங்கிய மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இளையவள் வாசலில் நின்றாள். மூத்தவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேலை முடிஞ்ச பிறகும் நான் இங்க இருக்க மாட்டேன், மேஸ்திரி. நீங்க அவரை மட்டும் வெளிய போகச் சொன்னா போதும்."

மேஸ்திரி ஏழாவதற்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டு ஏணியை நகர்த்தி வைத்தார்.