மணல் குடிக்காத தண்ணீர்

பொன்மலரின் பிள்ளையைப் புதைத்து ஆறு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தப் பிள்ளை சுவரொட்டியில் ஏறிவிட்டது. ஆம்பூர் பஸ் நிலையத்திலிருந்து பாலாற்றங்கரை வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். ‘சிலோன்காரனால் செத்த சிசு! ஞாயிறு காலை நியாயம் கேட்போம்!’ கீழே கொட்டை எழுத்தில், உள்ளூர் உழைப்பாளர் காப்பு மன்றம்.

மன்றத்தை நடத்துகிறவன் சைக்கிள் கடை இன்பசேகரன். போன வருஷம், எண்பத்து மூன்று ஆடியில், கடலுக்கு அந்தப் பக்கம் தமிழர்களை வெட்டுகிறார்கள் என்று ஊரே கடையடைத்தபோது கறுப்புக் கொடி பிடித்து முன்னால் நடந்தவனும் அவன்தான். தொண்டை கட்டும்வரை கத்தினான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சர்க்காரே திருப்பி அனுப்பிய பதினோரு குடும்பங்கள் ஆற்றோரம் கீற்றுக் கொட்டகை போட்டு, தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலின் உப்பை உதறும் வேலைக்கு வந்ததும் அவனுக்கு உள்ளூர்ப் பாசம் பொங்கிவிட்டது.

“அங்க செத்தா தமிழன், இங்க வந்தா திருடனாப்பா?” என்று டீக்கடையில் ஜான் பாஷா கேட்டான்.

“வூட்ல உருது பேசறவன் எனக்குத் தமிழ் சொல்லித் தர்றியா? டீ ஆறிடப் போவுது, குடி” என்றான் இன்பசேகரன். கடையே சிரித்தது. தோல் ஷாப்பில் ஜான் பாஷாவோடு ஒரே ஊறல் தொட்டியில் வேலை செய்கிற ஞானமுத்துவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை.

திறக்க முடியாத வாய் அது. பொன்மலர் அவனுடைய செத்துப்போன அக்காளின் மகள். அவள் பிள்ளை எதனால் செத்தது என்று அந்தத் தெருவில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்திருந்தான்.

தோல் ஷாப்பில் அவனுக்கு ஊறல் தொட்டி வேலை. உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை ஊறவைத்து அலசுவார்கள். ரத்தமும் சாணியும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீர் பின்பக்கக் குட்டைக்குப் போகும். சித்திரையில் குட்டை நிரம்பிவிட்டது. “ஆத்தோரம் பழைய மணல் பள்ளம் கீதே, அதுல வுடு. மணலு குடிச்சிடும்” என்றார் மேஸ்திரி சின்னசாமி. ஞானமுத்து மடைப் பலகையைத் தூக்கித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பினான். தப்பாகவே தெரியவில்லை. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு மணலின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. ஆறு காய்ந்து கிடக்கும்போதும் முழங்கை ஆழம் தோண்டினால் கற்கண்டாகத் தண்ணீர் ஊறும். எந்தச் சேற்றையும் மணல் வடிகட்டித் தந்துவிடும் என்று பார்த்தே வளர்ந்தவர்கள். தோல் தண்ணீரையும் அது அப்படியே விழுங்கிவிடும் என்றுதான் மேஸ்திரியும் நினைத்தார், அவனும் நினைத்தான். பள்ளத்துக்கும் தெருக் கிணற்றுக்கும் நூறடி தூரம்கூட இல்லை. தினமும் நடந்த காலுக்கு அது தெரியும், மனசுக்குத்தான் எட்டவில்லை.

கிணறு கரித்தது. வெயில் காலத்தில் கரிப்பதுதானே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி, கிணற்றடியில் கால் கழுவி ஒரு வாய் கொப்பளித்தபோதுதான் ஞானமுத்துவுக்குப் புரிந்தது. இருபது வருஷமாக உதட்டில் ஒட்டிக்கொண்டு அவனோடு வீட்டுக்கு வருகிற ருசி அது. சமையல் உப்பு அப்படி இருக்காது. தோல் உப்பில் அடியில் ஒரு மாட்டு வாடை நிற்கும்.

மறுநாள் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான். “உன் வேலையப் பாரு” என்று பதில் வந்தது. பார்த்தான். இன்னும் ஐந்து நாள் பலகையைத் தூக்கினான்.

சனிக்கிழமை இன்பசேகரன் வீடு தேடி வந்தான். “மாமா, நாளைக்குப் பொன்மலரை நீதான் இட்டுக்கினு வரணும். பெத்தவ முன்னால நின்னா ஒரு பய எதிர்த்துப் பேச மாட்டான். கெணத்துல பீத்துணி அலசி சீக்கு வெச்சவனுங்கள ஒரே நாள்ல கெளப்பிடலாம்.”

அவன் போனதும் ஞானமுத்துவின் பெண்டாட்டி ஜெயபுஷ்பம் அடுப்படியிலிருந்தே சொன்னாள். “ஒரு மாசமா அந்தக் கெணத்துத் தண்ணில பருப்பு வேவல. நான் இன்னா பச்சக் கொழந்தையா, எனக்குத் தெரியாதா? ஆனா நீ பேசாத. பேசினா உன்னைத் தோல் ஷாப்ல வெளிய தள்ளிடுவாங்க. நம்ம தெருவே அந்த ஷாப்பாலதான் சோறு துன்னுது.”

“நாளைக்கு அவங்க கொட்டாயைப் பிரிச்சிடுவானுங்கடி.”

“அதுக்கு?”

அவன் எழுந்து வாசலுக்குப் போனான்.

ஞாயிறு காலை சர்ச் விட்டதும் கிணற்றடியில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் கையில் கழி இருந்தது. பொன்மலர் வெள்ளைச் சேலையில், தூங்கியே பல நாள் ஆனவள் மாதிரி நின்றாள். பால் கட்டிய மாரை முந்தானையால் இறுக்கி மூடியிருந்தாள். இன்பசேகரன் கிணற்று மேடையில் ஏறி, அந்தப் பிள்ளையின் பெயரை ஏலக்காரன் மாதிரி மூன்று தடவை கூவினான்.

“பேரைச் சொல்லாதடா” என்றான் ஞானமுத்து. கூட்டம் திரும்பியது. “சிலோன்காரங்க ஒண்ணும் செய்யல. ஷாப்புல தோல் தண்ணியை மணல் பள்ளத்துல வுடச் சொன்னாங்க. அது கெணத்துல எறங்கிடுச்சி. வுட்டவன் நான். என் கையாலதான் பலகையைத் தூக்கினேன். ஊறல் தொட்டிக்காரன் எவனா இருந்தாலும் இந்தத் தண்ணியை வாயில ஊத்திப் பாருங்க, தெரியும்.”

யாரும் வாளியைத் தொடவில்லை. ஜான் பாஷா மட்டும் முன்னால் வந்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினான். “சச்தான், நெசந்தான். நம்ம தொட்டித் தண்ணிதான் இது” என்றான்.

கழி பிடித்த கைகள் சற்றுத் தாழ்ந்தன. அந்த நிமிஷத்தில் ஞானமுத்து ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான். உண்மையைச் சொன்னால் கழி கீழே விழும் என்றுதான் அவனும் நம்பியிருந்தான்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: “அப்போ தோல் ஷாப்பை மூடச் சொல்றியா? மூடிட்டா உன் வூட்டுக்கு வந்து துன்றதா?”

இன்பசேகரன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “தண்ணி விசயத்த மொதலாளிகிட்ட பதமா பேசிக்கலாம். அது வேற. இவனுங்க போவணும், இது வேற. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு நம்ம வேலைய புடுங்குவானுங்களா இல்லியா?”

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. தோல் ஷாப்போடு மோதுவதைவிடக் கீற்றுக் கொட்டகையோடு மோதுவது சுலபம் என்று ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

பொன்மலர் ஞானமுத்துவிடம் வந்தாள். “எப்போ தெரியும் உனக்கு?”

“அடக்கம் பண்ண அன்னிக்கு.”

“ஆறு நாளு.”

அவன் தலையை ஆட்டினான்.

“இனிமே என் கண்ணு முன்னால வராத மாமா.” பிறகு மேடையைப் பார்த்துத் திரும்பினாள். “நீயும் எம்புள்ள பேரை வாயில எடுக்காத. எடுத்தே, கொடலை உருவிடுவேன்.”

அவள் போனதும் பாதிக் கூட்டம் கலைந்தது. மீதி முப்பது பேர் ஆற்றோரம் போனார்கள். முப்பது பேரே போதும் அந்தக் கீற்றுக்கு. ஞானமுத்துவும் ஜான் பாஷாவும் குறுக்கே நின்றார்கள். ஞானமுத்துவின் நெற்றியில் விழுந்த கழி, அவனோடு சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து திருவிருந்து வாங்குகிறவனுடையது. சிலோன்காரர்களும் சும்மா நிற்கவில்லை, உப்பு வாரும் பலகையோடு எதிர்த்தார்கள். ஏழு கொட்டகை விழுந்தது. நான்கு நின்றது. போலீஸ் ஜீப் வந்து, அடி வாங்கியவர்களின் பெயரைத்தான் முதலில் எழுதிக்கொண்டது. அந்த ஏழு குடும்பங்களும் மத்தியானத்துக்குள் சட்டி பானையோடு ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தன. அங்கிருந்து எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. தோல் ஷாப்பிலிருந்து ஆள் வந்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஞானமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

நின்ற நான்கில் ஒன்று செவனுவுடையது. அவன்தான் ஞானமுத்துவின் நெற்றியைத் துணியால் கட்டிவிட்டான். கட்டும்போது கொஞ்சம்கூட இளகவில்லை.

“நீங்க நல்ல மனுசன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க” என்றான். “இந்த ஆறு நாளும் நாங்களும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சோம் அண்ணே. வேற தண்ணி எங்களுக்கு ஏது?” அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினான். கள்ளிச்செடி ஓரம் மணல் சின்னதாக மேடு கட்டியிருந்தது. “பொன்மலரம்மா புள்ளைக்கு எட்டு நாள் முன்னாடி எங்க புள்ள. அதுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டல.”

ஞானமுத்துவுக்கு அந்த மேட்டைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பொன்மலர் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. விழுந்த கீற்றைத் தாண்டி நேராக மேட்டருகே போனாள். செவனுவின் பெண்டாட்டி அங்கே குந்தியிருந்தாள். இவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேட்டு மணலைக் கையால் தடவிக்கொண்டே, “எத்தினி மாசம்?” என்று கேட்டாள்.

“ஒம்பது.”

ஞானமுத்து எழுந்து, அவள் கண்ணில் படாமல், சரிந்து கிடந்த கீற்றை அந்தப் பக்கமாக நின்று அடுக்கத் தொடங்கினான்.