சாம்பார் பேச்சுவார்த்தை

கம்பி ஆலைக்காரன் கேட்டை இழுத்துப் பூட்டியதில் முதலில் பட்டினி கிடந்தது தொழிலாளிகள். அடுத்தது, அவர்களை நம்பி அடுப்பு மூட்டிய ஜோதியம்மாள் மெஸ். அரிசி மண்டி பஷீர் அஹமது பாய் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி சொன்னார். தொழிலாளிகள் மதியம் மெஸ்ஸில் சாப்பிடட்டும், சாப்பிட்ட இலைக்கு ஓசூர் வியாபாரிகள் பணம் கொடுப்பார்கள். சாப்பிடாத இலைக்குக் கிடையாது.

கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தது. வந்தவர்கள் தலை குனிந்து தின்றுவிட்டு, சத்தமில்லாமல் போனார்கள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை மெஸ் வாசலில் செங்கொடி பறந்தது. சாம்பார் தண்ணீராக இருக்கிறதாம். ஸ்டிரைக்காம்.

ஜோதியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓசிச் சோற்றுக்கும் ஒரு போராட்டமா? அண்டா நிறையச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இலை விழாவிட்டால் நாளைக்கு அடுப்பு எரியாது. கடையை மூடிவிட்டுச் சாமல்பட்டியில் தங்கச்சி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

தொழிற்சங்கச் செயலாளர் கரியப்பன் மனுவை நீட்டினான். மனு முறையாக டைப் அடித்திருந்தது, 'நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு' என்று. இப்படி ஒரு மனுவோடு மாசக்கணக்கில் ஆலை கேட்டில் நின்றவர்கள் இவர்கள். வாட்ச்மேன்கூட கை நீட்டி வாங்கவில்லை. அதை நினைத்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டாள்.

கல்லா நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிர்வாகம் ஆனாள்.

சட்டென்று ஒத்துக்கொண்டால் அதுவும் பிச்சையாகிவிடும். அதனால் பருப்பு விலை சொன்னாள், மூக்கைச் சிந்தினாள், முடியவே முடியாது என்றாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அவளை ஒழியச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். சோர்ந்து கிடந்த முகங்களில் ரத்தம் ஏறியது. போதும் என்று பட்டதும் அவள் இறங்கி வந்தாள். சாம்பார் கெட்டியாகும், பதிலுக்கு அவரவர் இலையை அவரவர் எடுக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள்.

உள்ளே போய் அதே சாம்பாரை ஒரு கிண்டு கிண்டி எடுத்து வந்து ஊற்றினாள். கரியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தான்.

"பாத்தியா," என்றான் பக்கத்து இலைக்காரனிடம், "போராடுனாத்தான் கெடைக்குது."

ஜோதியம்மாள் அவன் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"ரசம் மட்டும் என்ன நல்லாவா இருக்குது?" என்றாள். "நாளைக்கு அதுக்கொரு மனு கொண்டாங்கப்பா."