ரெயின் துரையின் தாய்

கிளென்ஃபீல்டில் வம்சாவளி தேடும் சங்கம் நடத்திய மிஸிஸ் ஃபேர்லி நல்ல மனுஷிதான். ஆனால் மன்னாரிலிருந்து வந்து குடியேறிய டோறினின் கறுத்த முகத்தைப் பார்த்து, "ஸ்கொட்லாந்துப் பாட்டன் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பிறப்புப் பதிவு கிடைத்தால்தான் கண்காட்சிச் சுவரில் இடம்" என்று சொன்னாளே, அன்றே டோறினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

சுவர் கிடக்கட்டும். தகப்பன் நிக்கலஸுக்காகத்தான் அவளுக்கு அந்தப் பதிவு வேண்டியிருந்தது. "ஆருக்குப் பிறந்ததோ" என்று மன்னாரில் சனம் கேட்கக் கேட்டே நரைத்த மனிதர் அவர். அவருடைய தகப்பன் அன்றூ என்ற வெள்ளைக்காரர், தலைமன்னாருக்கு ரெயில் பாதை போட வந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகள் வளருமுன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர்.

குடும்பப் பெயர் என்னவென்று மிஸிஸ் ஃபேர்லி கேட்டபோது, நம்முடைய வழக்கத்தில் டோறின் "அன்றூ" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அது பாட்டனின் சொந்தப் பெயர் என்பது, பழைய பதிவேடுகளைப் பெருக்கிக் காட்டும் மைக்ரோஃபிஷ் திரையில் கண்ணைக் கெடுத்து, 1986ஆம் ஆண்டுக் கண்காட்சி நெருங்கிய பிறகுதான் உறைத்தது. அன்று சங்கத்துக்குத் தகப்பனையும் கூட்டி வந்திருந்தாள்.

"அப்பா, அப்பப்பாவுக்கு வேற பேர் இருந்ததோ?"

"சனம் ரெயின் துரை எண்டு சொல்லும். ரெயிலில வேலை செய்தபடியால். அம்மா மட்டும் ரெனி துரை எண்டுவா. அவவுக்கு ரெயின் எண்டு சொல்ல வராதெண்டு நாங்கள் பகிடி பண்ணுவம்."

அப்படியென்றால் ரெனிதான் குடும்பப் பெயர். டோறின் பட்டியலில் ஆங்கில 'ஆர்' எழுத்துக்குத் தாவினாள். அன்றூ ரெனி. ஊர் அர்புரோத், பாட்டன் சொல்லிவந்த அதே ஊர். தாய் இசபெல்லா ரெனி. நிக்கலஸின் மூத்த அக்காவுக்கும் இசபெல்லா என்றுதான் பெயர். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

மிஸிஸ் ஃபேர்லி எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். தாய் கலியாணமாகாதவள், அதனால்தான் அவள் பெயரில் பதிந்திருக்கிறார்கள். சுவரில் தாயை விட்டு, பிள்ளை அன்றூவிலிருந்து தொடங்கிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டார் நிக்கலஸ்.

டோறின் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப என்ர அப்பாவையும் ஆருக்குப் பிறந்ததெண்டுதானே கேட்டிருப்பாங்கள்" என்றார் கிழவர். "அந்த மனுசி ஒருத்தருக்கும் பயப்பிடாமல் தன்ர பேரைக் குடுத்திருக்கிறா. அவவை எல்லாருக்கும் மேல எழுது பிள்ளை."

மேசையில் கிடந்த தடித்த பேனாவை டோறின் கேட்காமலே எடுத்தாள். சுவருக்கான அட்டையின் உச்சியில் இசபெல்லா ரெனி என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். தகப்பன் பெயருக்கென்று விட்டிருந்த கட்டத்தையும் சேர்த்து அந்தப் பெயரே நிறைத்தது.