பாலத்துக்கு அந்தப்பக்கம் பதினொரு பேர்

1

ஒரு நகல் தாளிலிருந்து பிறந்த கதை இது. போன மாதம் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் மாரீஸ்வரி அதை என்னிடம் நீட்டினாள். 1997 கலவர வழக்கின் குற்றப்பத்திரிகை. பதினொரு பெயர்கள்.

"நீங்க வாரப் பத்திரிகையில கதை எழுதுறவக. யாரு காட்டிக் குடுத்தாகன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார்."

தொடக்கம்: 'ஒரு கல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது...' (அடித்துவிட்டேன். கல்லுக்கு முன்னால் முப்பது வருஷம் இருக்கிறது.)

2

ஊர்ப் பெயர் வேண்டாம். வாய்க்காலுக்கு மேற்கே ஊர், கிழக்கே காலனி, நடுவில் பாலம். நகராட்சிக் குழாய் பாலத்தோடு நின்றுவிடும். டவுன் பஸ் பாலத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடும். கேட்டால், "பாலம் தாங்காதப்பா." கரும்பு லாரிகளை மட்டும் அது தினமும் தாங்கியது.

அந்த வைகாசியில் காலனிக்காரர்கள் பஸ்ஸை மறித்து உட்கார்ந்தார்கள். கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு இன்றும் இரண்டு பதில்கள். சாயங்காலத்துக்குள் காலனியில் ஒன்பது வீடுகள் எரிந்தன. வழக்கு காலனி ஆட்கள் மேல்தான்.

3

மாரீஸ்வரியின் தம்பி சின்னக்கருப்பு எட்டு மாதம் உள்ளே இருந்தான். புருஷன் கர்ணன், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். பட்டியலில் பத்துப் பேர் அவன் ஜீப்பில் மலையேறுகிறவர்கள். அவன் பெயர் இல்லை. சந்தேகப்பட அது போதாதா?

வெளியே வந்த தம்பி வாசலோடு நின்றான்.

"ஏறுனவன் பூரா உள்ள, ஓட்டுனவரு மட்டும் வெளிய. டிரைவர் சீட்டுக்கு அம்புட்டு மருவாதியாக்கா?"

"ஏலே, மச்சானப் பாத்தா பேசுற?"

"அவரத்தான் பேசுறேன். அவரு இல்லைன்னு ஒருத்தன் ருசுப்பிக்கட்டும், வாரேன்."

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கர்ணன் தலை நிமிர்ந்து நடந்தால் ஏன் நிமிர்கிறான் என்று மாரீஸ்வரி பார்ப்பாள். குனிந்தால் ஏன் குனிகிறான் என்று பார்ப்பாள். போலீஸ்காரர் ஒருவர் அவனைப் பார்த்துச் சிரித்த அன்று அவள் உலை வைக்கவில்லை. இப்போது மகள் கயலுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் வராத மணமேடையை எப்படிப் பார்ப்பது?

4

முதல் பிரதியில் கர்ணனைத்தான் குற்றவாளியாக்கினேன். தொடர்கதைக்கு வாட்டமான ஆள்.

இடித்தது ஒன்பதாவது பெயர்: சின்னச்சாமி. காலனி ஆளே இல்லை. மலையடிவாரத்து லோயர் கேம்ப்காரன். கலவரத்தன்று அங்கேதான் வேலையில் இருந்தான். அதற்கு முந்தின சித்திரையில் ஒரே ஒரு நாள் காலனிக்கு விருந்தாடி வந்தவன், ஒரு வாரப் பத்திரிகைக்காரர் ஜீப்பைப் படம் எடுப்பதைக் கண்டு ஓடிவந்து நின்றுகொண்டான். கர்ணனுக்கு இது தெரியும். காட்டிக் கொடுக்கிறவன், ஊரில் இல்லாத ஆளையா சேர்ப்பான்?

பெயர்களோடு இதழில் வந்த அந்தப் படத்தில் கர்ணன் இல்லை. "வண்டிய மறைக்கிறீக, கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று விலக்கிவிட்டார்கள். நின்ற பதினொரு பேரும், நின்ற வரிசை மாறாமல், குற்றப்பத்திரிகையில் இருக்கிறார்கள். பெயர் விசாரிக்கச் சிரமப்பட்ட யாரோ ஒரு போலீஸ்காரர், டீக்கடையில் கிடந்த இதழைப் பார்த்து எழுதிவிட்டார்.*

5

முடிவு அ: மாரீஸ்வரியிடம் சொல்கிறேன். தம்பி வருகிறான். (அவள் கர்ணனிடம் என்ன சொல்வாள்? எனக்கு எழுத வரவில்லை.)

முடிவு ஆ: செத்துப்போன ஒரு தலையாரி மேல் பழியைப் போடுகிறேன். எல்லோருக்கும் நிம்மதி. (கை இதைச் சரசரவென்று எழுதியது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு இ: நீங்கள்தான். இந்த இதழ் வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை ஏஜெண்டின் சைக்கிள் பாலத்தோடு திரும்பிவிடும். உங்களில் யாராவது ஒரு பிரதியைக் காலனிக்கு எடுத்துப் போங்கள்.

நானே போகலாமே என்கிறீர்கள். போகலாம். ஆனால் அந்தப் பாலம் இருக்கிறதே, அது

* படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலம்' என்று பதினொரு பெயர்களையும் எழுதியது நான். பேருந்து நிலையத்தில் தாளைப் பார்த்த உடனேயே வரிசை தெரிந்துவிட்டது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.