பேத்தியிடம் பேசுவதற்கு ஒரு புத்தகம்

டென்னிஸ் இரண்டு புத்தகங்களையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையாக அப்பாவுக்குப் போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்தான்.

பாண்டிச்சேரி புத்தகக் கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்குங்க? உங்களுக்கா?"

"அப்பாவுக்குங்க. அறுபத்தேழு வயசு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "பச்சை அட்டை பிரெஞ்சை இலக்கணத்துல இருந்து ஒழுங்கா சொல்லிக் குடுக்கும். மஞ்சள் அட்டை சும்மா பேசறதுக்கு. உச்சரிப்பு தமிழ் எழுத்துலயே போட்டிருக்கும். எது வேணும்னு அவரையே கேட்டுடுங்களேன்."

அதற்குத்தான் போன். போன தடவை டென்னிஸ் தானாக முடிவெடுத்து வாங்கியதன் லட்சணம் வீட்டு அலமாரியில் கிடந்தது.

அவன் அக்கா ஜெஸி கல்யாணமாகிப் போய் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். அவள் மகள் எலோடிக்கு ஆறு வயது. தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தாத்தாவும் பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் அவள் தன் சுழல் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவிடுவாள். காலி நாற்காலியைப் பார்த்தபடி அப்பா கிறிஸ்துதாஸ், "போய்ட்டாளா?" என்று கேட்பார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் டாக்டர் அவருடைய இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டென்னிஸை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று கிறிஸ்துதாஸ் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது வேறு ஒன்று சொன்னார்.

"ஒரு பிரெஞ்சு புக்கு வாங்கியாடா. தமிழ்ல அர்த்தம் போட்டது. சின்ன புள்ளகிட்ட பேசறாப்புல இருக்கணும். ஜாஸ்தி நாள் இல்ல எனக்கு."

டென்னிஸ் கள்ளக்குறிச்சியில் தன் செல்போன் கடையில் உட்கார்ந்தபடியே போனில் ஒன்றை ஆர்டர் போட்டுவிட்டான். வந்து சேர்ந்தது சுற்றுலா போகிறவர்களுக்கு ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் புத்தகம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுத்துக் கூட்டி ஒரு மாதம் அதையும் படித்தார். பிறகு பேத்தியிடம், இரண்டு பேர் தங்க அறை காலியாக இருக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டார். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அடுத்த பாடம் துணி வெளுக்கப் போடறதுடா," என்றார் டென்னிஸிடம். "கொழந்தகிட்ட போய் சட்டய குடுக்கறதா?"

கோபப்படாமல்தான் சொன்னார். வேறு வாங்கி வருகிறேன் என்று இவன் சொல்லி மூன்று மாதமாகிவிட்டது. சேலத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்கள் அவர்கள் ஊரான எலவனாசூர்கோட்டை வழியாகத்தான் போகின்றன. கை காட்டியிருந்தால் நின்றிருக்கும்.

இவனை நம்பிப் பயனில்லை என்று பெரியவர் தன்னிடம் இருந்த பிரெஞ்சைத் தோண்டி எடுத்தார். சிறு வயதில் பூசைக்கு உதவி செய்யப் போனபோது வெள்ளைக்காரச் சாமியார் சொல்லிக்கொடுத்த 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் மட்டும் பிரெஞ்சில் மறக்காமல் இருந்தது. எலோடிக்கும் அது தெரியும். ஜெபமாலையில் ஒருவர் முன்பாதி சொல்ல மற்றவர்கள் பின்பாதி சொல்வதுபோல, அவள் முன்பாதி, அவர் பின்பாதி. அவள் வேகமாகச் சொல்வாள், அவர் அதைவிட வேகமாக. அவளுக்கு அது பக்தியில்லை, விளையாட்டு. ஜெபமாலையில் பத்து மணிகளும் உருட்டி முடியும்வரை நாற்காலியை விட்டு இறங்கமாட்டாள்.

"மாதா புண்ணியத்துல உக்காந்துக்கினு இருக்கா," என்பார். "ஆனா சாப்டியா கண்ணுன்னு கேக்கத் தெரிலியேடா எனக்கு."

டென்னிஸ் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். அவரே கூப்பிடுவார் என்று அரை மணி நேரம் பார்த்தான். நான்காவது முறை அடித்தான். அப்போதும் எடுக்கவில்லை. மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

பஸ் நிலையத்தை நெருங்கும்போது அவன் மனைவி கிரேஸ் கூப்பிட்டாள்.

"எங்க கீறீங்க?"

"பாண்டிலதான். அப்பா இன்னா பண்றாரு? போனே எடுக்கல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"துணி காயப் போட்டுட்டு உள்ள வரேன். மாமா சேர்ல சாஞ்சிக்கினு இருக்காரு. கையில போனு அடிச்சிக்கினே கீது. எடுங்க மாமா, அவருதான் கூப்புடறாருன்னு சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேங்க."

டென்னிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நடந்தான்.

"பக்கத்து வூட்டு அரங்கநாதன் அண்ணன் வந்து நாடி புடிச்சிப் பாத்தாரு. நீங்க பஸ் ஏறுங்க."

விழுப்புரம் தாண்டியதும் புத்தகத்தைப் பிரித்தான். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்போல இருந்தது. இரண்டாவது பாடமே குழந்தைகளுடன் பேசுதல். 'சாப்பிட்டாயா?' முதல் வரி. 'உன் பொம்மையின் பெயர் என்ன?' இரண்டாவது வரி. அப்பா கேட்டது இதைத்தான், ஒரு எழுத்து மாறாமல். தப்பான புத்தகமாக இருந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பக்கத்து இருக்கை அம்மாள் என்னவென்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் மாலை அடக்கம். ஜெஸிக்கு ஒன்பதாவது மாதம், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பெட்டியில் கிடந்த கிறிஸ்துதாஸின் விரல்களில் கிரேஸ் ஜெபமாலையைச் சுற்றினாள். மூக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தாள்.

"அந்த புக்கையும் வெச்சிடலாமா?"

"வாணாம்," என்றான் டென்னிஸ். "அது அவரு பாக்காதது."

மூடி தயாராக நின்றது. ஜெபம் சொல்ல வந்த மாதா கோயில் உபதேசியார் அவன் தோளைத் தொட்டார். "பாப்பாகிட்ட ஒரு வாட்டி காட்டிடு தம்பி. அப்பறம் மூடிடலாம்."

போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தான். ஜெஸி "அப்பா, அப்பா" என்றாள், பிறகு திரையிலிருந்து விலகிப்போய் எங்கோ அழுதாள். எலோடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தாத்தா ஏன் படுத்திருக்கிறார், ஏன் இவ்வளவு பூ என்று யாரிடமும் கேட்கவில்லை. வழக்கம்போல வேகமாக ஆரம்பித்தாள்.

"ஜெ வூ சலூ மரீ..."

முன்பாதி முடிந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எலோடி முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள். தான் ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டதாக நினைத்தாளோ என்னவோ, இந்த முறை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மறுபடியும் காத்திருந்தாள்.

பின்பாதி அங்கே எல்லாருக்கும் தெரியும், தமிழில். டென்னிஸ் தமிழிலேயே சொன்னான்.

"தூய மரியே, இறைவனின் தாயே, பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள்..."

அதற்கடுத்த சொல் அவனுக்கு வரவில்லை. சுற்றி இருந்தவர்கள் சேர்ந்து, "இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்" என்று முடித்துவைத்தார்கள்.

எலோடி திரையையே பார்த்தாள். தாத்தா இரண்டு பேருக்கு அறை கேட்ட அன்று அம்மாவைத் திரும்பிப் பார்த்த அதே பார்வை. ஒரு நிமிடம்கூட இருக்காது. இறங்கிப் போய்விட்டாள்.

"மூடிடலாமா தம்பி?" என்றார் உபதேசியார்.

டென்னிஸ் போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே நின்றான். திரையில் நாற்காலி லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது.