இடுப்பளவு தலைமயிர்

சுபத்திரா கையுறையை மாட்டிக்கொண்டு, யதுர்சிகாவின் நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் வாசலின் களிம்பு பூசினாள். டை தோலில் கறை பிடிக்காமலிருக்க அதுதான் வழி என்று மன்னாரில் நடந்த அழகுக்கலைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவிப் பார்த்தாயிற்று. கலக்குவதற்கு உலோகச் சட்டி ஆகாது என்று பிளாஸ்ரிக் கோப்பை எடுத்திருந்தாள். காற்றோட்டத்துக்காக யன்னலையும் திறந்து வைத்திருந்தாள். காசு கொடுக்கிற வாடிக்கைக்காரிக்குக்கூட அவள் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

"எரியுதோ யது?"

"இல்லை மச்சாள்."

எரிந்துகொண்டுதான் இருந்தது. காலையில்தான் அதே தலைக்கு மயிரை நேராக்குகிற கிறீம் பூசிக் கழுவியிருந்தார்கள். தோல் அப்போதே சிவந்துபோயிருந்தது. ஆனால் சண்டைக்காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள், மரத்துப்போக மருந்து இல்லாமல், தலையிலிருந்து ஷெல் துண்டைப் பிடுங்கி எடுத்தவர்களிடம் வாய் திறக்காமல் இருந்தவள் அவள். அண்ணன் பெண்சாதி ஆசையாகச் செய்துவிடும்போது எரிகிறது என்று சொல்வாளா?

அடுத்த நாள் உயிலங்குளத்திலிருந்து பிரசாந்தனின் தாய் பெண் பார்க்க வருகிறாள். பிரசாந்தன் நல்ல பெடியன், உழவு மெசின் ஓட்டுகிறவன். யதுர்சிகாவைக் கோயில் திருவிழாவில் கண்டுவிட்டு அவனாகவே கேட்டு அனுப்பியிருந்தான். அவளுக்கும் பிடித்துப்போயிற்று. இரவில் படுக்கும்போது அவன் பெயரைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கிற அளவுக்குப் பிடித்திருந்தது.

பயமெல்லாம் தலைமயிரைப் பற்றித்தான். மீள்குடியேறி வந்த ஊர்களில் அந்த வருடங்களில் பெண் பார்க்க வருகிற தாய்மார், முகத்தைப் பார்க்க முதல் பின்னலைத்தான் பார்ப்பார்கள். ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போன பெண்பிள்ளைகளுக்கு மயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். அதனால் முழங்காலைத் தொடுகிற பின்னல் என்றால் பிள்ளை வீட்டோடு இருந்தவள். தோளோடு நின்றால், எப்போது வெட்டியது என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்வார்கள், பிறகு ஒரு செய்தியும் வராது.

யதுர்சிகாவைக் கடைசிச் சண்டையில் தறப்பாளுக்குள்ளிருந்து இயக்கத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம்கூட அங்கே இருக்கவில்லை. ஆனால் மயிரை வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். காயப்பட்டுத் திரும்பி வந்தபோது தலையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி, கட்டை மயிரை ஆமிக்காரரின் கண்ணிலிருந்து மறைத்தது. செட்டிகுளம் முகாமிலும், பிறகு மீள்குடியேறின பெரியமடுவிலும் தாய் சிவக்கொழுந்து அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்து எண்ணெய் வைத்து இடுப்புக்குக் கொண்டுவந்திருந்தாள். முளைத்த மயிர் முன்புபோல இல்லாமல் சுருண்டுபோயிருந்தது. காயத்தழும்பின் மேல் ஒரு கொத்து வெள்ளையாகவே வளர்ந்தது.

"சுருளை நேராக்கினால் இன்னும் ஒரு சாண் நீட்டாத் தெரியும். வெள்ளைக்கு டை அடிப்பம். ரெண்டையும் நானே செய்துவிடுறன்" என்று சுபத்திராதான் சொன்னாள். கேட்டவுடன் சிவக்கொழுந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகளோடு அவளுக்கு அவ்வளவு சரிவராது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த அந்தக் கல்வீடு சிவக்கொழுந்துவின் பெயரில் இருந்தது, மகளுக்குச் சீதனமாக எழுதுவதாகப் பேச்சு. அதன் முன்னறையில்தான் சுபத்திரா கண்ணாடியும் சுழல்கதிரையும் போட்டு, வாசலில் 'சுபா அழகு நிலையம்' என்று பலகை தொங்கவிட்டிருந்தாள். கலியாணம் முடிந்தால் அவளும் புருசன் அகிலனும் வேறு இடம் பார்க்கவேண்டும். அதையெல்லாம் மனதில் வைக்காமல் பிள்ளைக்குச் செய்கிறாளே என்று மாமி நினைத்தாள்.

கிணற்றடியில் சிவக்கொழுந்து தண்ணீர் ஊற்ற, சுபத்திரா அலசினாள். முதல் வாளியோடு கறுப்புத் தண்ணீர் ஓடியது. இரண்டாவது வாளியில் மயிரும் சேர்ந்து ஓடியது. வேரோடு வரவில்லை, கழுத்துக்கு மேலே பொருபொருவென்று முறிந்து, ஊறின நூடில்ஸ்போலக் கையோடு வந்தது. சிவக்கொழுந்து வாளியைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் போன மயிரை அள்ளி அள்ளி மடிக்குள் சேர்த்தாள். திரும்ப ஒட்டவைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"சாமான் பழுது போல மாமி. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றாள் சுபத்திரா.

அரையும் குறையுமாக நின்றதைக் கத்தரிக்கோலால் ஒன்றாக்கிவிட்டதும் அவள்தான். வெட்டி முடித்துக் கண்ணாடியில் பார்த்தபோது, கட்டை மயிரோடு இயக்கத்தின் பதுங்குகுழிக்குள் இருந்த அதே பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள்.

வருகிறவர்களை மறிக்க நேரமில்லை. அடுத்த நாள் பிரசாந்தனின் தாய் சிவலட்சுமி வந்து கதிரையில் இருந்தாள். யதுர்சிகா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். சிவலட்சுமி அந்தத் தலையை ஒருதரம் பார்த்தாள். பிறகு வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. அதில மயிரெல்லாம் கொட்டிப்போச்சு" என்றாள் சிவக்கொழுந்து.

"ஓம், ஓம். அந்தக் காய்ச்சல் எங்கட பக்கத்திலயும் கனக்கப் பிள்ளையளுக்கு வந்தது" என்றாள் சிவலட்சுமி மெதுவாக. "பாவங்கள். ஒண்டுக்கும் இன்னும் கலியாணம் சரிவரேல்லை."

தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினாள். போகும்போது வாசலில் நின்ற சுபத்திராவின் பின்னலைத் தடவி, நல்ல தலைமயிர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு யதுர்சிகா யாரோடும் கோபிக்கவில்லை. விதி என்று தாய் அழுதாள். விதிதான் என்று அவளும் நம்பினாள். மச்சாள் மனம் வருந்தக்கூடாதென்று அவளுக்குத் தேத்தண்ணிகூட ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தேத்தண்ணியையும் சுபத்திரா வாங்கிக் குடித்தாள்.

மாதம் திரும்ப முன், அடம்பனிலிருந்து அன்ரோனெற் ரீச்சர் தலைக்கு நிறம் போட வந்தார். முன்னறையைக் கூட்டிக்கொண்டு நின்ற யதுர்சிகாவைக் கண்டதும் கைப்பையை வைக்கவும் மறந்து நின்றார்.

"என்ன பிள்ளை இது?"

"நேராக்கிப்போட்டு டை அடிச்சது ரீச்சர். முறிஞ்சுபோச்சு."

"ரெண்டும் ஒரே நாளிலயோ? ஆர் செய்தது?" ரீச்சர் சுபத்திராவின் பக்கம் திரும்பினார். "நான் ரெண்டு மாதத்துக்கு முதல் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டனான், ரெண்டையும் ஒண்டாச் செய்துவிடும் எண்டு. மாட்டனெண்டு நிண்டனீர் என்ன? ரெண்டு கிழமையாவது விடோணும், இல்லாட்டி மயிர் கையோட வந்திடும் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

சுபத்திரா சீப்பில் சிக்கியிருந்த மயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. யதுர்சிகா விளக்குமாற்றை மூலையில் சாத்தி வைத்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க அந்த அறையில் யாருக்கும் தைரியம் வரவில்லை. ரீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிறகு வாறன் என்று வெளியே போனார்.

மறுநாள் காலை, வீட்டுக்குள்ளிருந்த கதிரையை யதுர்சிகா தூக்கிக்கொண்டு வந்து 'சுபா அழகு நிலையம்' பலகைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். தலையில் துணி கட்டவில்லை. தழும்பின் மேல் வெள்ளை மறுபடி அடியிலிருந்து முளைத்திருந்தது, ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

"உள்ள வா யது, வெயில்" என்றாள் சுபத்திரா.

"இருக்கட்டும் மச்சாள். இனி நான் எங்க போறது? இஞ்சதான் இருக்கப்போறன்."

சொன்னபடி அதற்கடுத்த நாளும் இருந்தாள். அதற்கடுத்த நாளும் இருந்தாள். அகிலன் கதிரையைத் தூக்கி உள்ளே போட்டான், அவள் நிலத்தில் இருந்தாள்.

கலியாண மாதம் பிறந்துவிட்டது. பாப்பாமோட்டைப் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வேலிப் படலையில் நின்றார்கள். உள்ளே சுபத்திரா துவாயை உதறி, கண்ணாடியைத் துடைத்து, சுழல்கதிரையைத் திருப்பி வைத்தாள். "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிட்டாள்.

யதுர்சிகா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். பெண் படலையில் வைத்த கையை எடுத்து, முதுகில் கிடந்த தன் நீண்ட பின்னலை முன்னால் இழுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.