பெருநாள் பல்பு

ஷமீலுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று தெரிந்த அன்றே அவன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்துவிட்டான். பாலக்காட்டுப் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் லைன் என்று சொல்லியாகிவிட்டது. ஆள் இருப்பதோ பஜார் ரோட்டில் சுக்கு கோடவுன் லைனில். கம்ப்யூட்டரைத் தொட்டவன் என்பதற்கு ஒரு அடையாளமாவது வேண்டுமே!

யூடியூபைப் பார்த்து, பெட்டியின் முன்பக்கத்தில் மங்கிக் கிடந்த விளக்கைப் பிடுங்கினான். புது பல்பு வாங்க மனசு வரவில்லை. பெருநாளுக்கு வாசலில் தொங்கவிட்ட சீரியல் பல்பு மாலையிலிருந்து ஒன்றை நறுக்கி வைத்தான். எரியவில்லை. "பிளஸ் மைனஸ் மாறிருச்சு, புதுசா செய்யறவங்களுக்கு வர்றதுதான்" என்றான், தான் ரொம்பப் பழசு போல. ஒயரைத் திருப்பிச் சொருகினான். எரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மின்னி மின்னி எரிந்தது. மாலை பல்புக்கு வேறென்ன தெரியும்?

பழைய விளக்கு இருந்தபோது சந்து முழுக்க அவன் பாடம் எடுத்திருந்தான்: விளக்கு நின்று எரிந்தால் கம்ப்யூட்டர் முழித்திருக்கிறது, மின்னினால் தூங்குகிறது. அதை மனப்பாடம் செய்தவர்கள் அவன் உம்மா ஜுமைலாவும் எதிர்வீட்டு நானும்தான். புதுசு எந்நேரமும் மின்னும் என்று எங்களிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் வீடியோவில் பெண் வீட்டார் வருவதாகப் பேச்சு. ஷமீல் முன்கூட்டியே வீடியோ அழைப்பைத் திறந்து வைத்து, கேமரா மேல் கைக்குட்டையைப் போட்டு, ஸ்கிரீனை மட்டும் அணைத்துவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட மாடிக்குப் போனான். உதவிக்கு ஆள் வேண்டுமே என்று நான் போய் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அதனால் என்ன?

"ஜுமைலா, பையன் சுக்கு மூட்டை எண்ணுறான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

ஜுமைலா பெட்டியைப் பார்த்தாள். மின்னியது. சரி, தூங்குகிறது.

"எதுக்குத் தெரியணும், அழகம்மா சேச்சி? நிக்காஹ் கழியட்டும். பொண்ணோட அத்தா துபாயில சம்பாதிச்சவரு. மகள் ரெண்டு நாள் அழுதா ஒரு கம்ப்யூட்டர் கடை வெச்சுத் தர மாட்டாரா?"

"கடையில இவன் என்ன செய்வான்?"

"பல்பு மாத்துவான்" என்று அவளே சிரித்தாள்.

"பொண்ணு எப்படி?"

"மூக்கு கொஞ்சம் நீளம். கடைய நெனச்சுப் பாத்தா அவ்வளவு தெரியல்ல."

அப்போது யாரோ பலமாகத் தும்மினார்கள்.

"சேச்சியா?"

"நான் இல்ல."

இருவரும் பெட்டியைப் பார்த்தோம். அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. தூக்கத்திலேயே கனத்த ஆண்குரலில், "அல்ஹம்துலில்லாஹ்" என்றது.

மடிப்புக் கலையாத சட்டையோடு ஷமீல் இறங்கி வந்து ஸ்கிரீனைப் போட்டான். பாலக்காட்டு சோபாவில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நடுவில் பெண், முஹ்சினா. பக்கத்தில் மூக்கைத் துடைத்தபடி அவள் அத்தா.

ஷமீல் கைக்குட்டையை எடுத்து சலாம் சொன்னான்.

"வந்து கொஞ்ச நேரமாச்சு" என்றார் அத்தா. "பெரியவங்க பேசிட்டிருந்தாங்க. குறுக்க பேச வேண்டாம்னு இருந்தோம்."

ஜுமைலா பெட்டியை நோக்கி விரலை நீட்டினாள். "இது தூங்குதுல்ல? லைட்டு மின்னுதுல்ல?"

"அந்த லைட்ட யாரு வெச்சது?" என்று கேட்டாள் முஹ்சினா.

என்ன நடந்தது என்று தெரியாத ஒரே ஆள் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான். யாரோட உதவியும் இல்லாம."

"பெரிய உபகாரம்" என்றாள். உண்மையிலேயே நன்றியோடுதான் சொன்னாள். ஸ்கிரீன் கறுத்தது.

ஜுமைலா மகனை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். "சேச்சிதானே மொதல்ல கேட்டது?"

கேட்டது நான்தான். பதில் என்னுடையதா? சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். சந்தில் இன்னும் நாலு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

வாசல் தாண்டும்போது ஷமீல் உம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது.

"எந்த கலரும்மா அவளுக்குப் பிடிக்கல?"